தொப்பைக்கு மூன்று துளை

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் காரியத்தைப் பற்றி அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதக் கூடாது. இதைக் கோழிக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நெருப்பில் கை வைக்கக் கூடாது என்பது போல இதுவும் மனிதனுக்குத் தானாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் கோழிக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இந்த அறிவு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், வரும்போது அதனால் பிரயோஜனமும் இருக்காது.

அவர் எழுதியது ஒரு அஞ்சலட்டை. அதில் இருந்தது ஒரே ஒரு கேள்வி.

"மதிப்புக்குரிய ஐயா, எங்கள் பண்ணையில் கோழி எருவைப் போட்டு எரிவாயு எடுக்கிறோம். நன்றாக வருகிறது. இரண்டு வாரமாகத் தொட்டிப் பக்கம் போனால் கண் எரிகிற மாதிரி ஒரு நெடி. கோழி எருவில் காரம் அதிகம், கொஞ்சம் வைக்கோல் சேர்த்தால் சரியாகும் என்கிறார்கள். எத்தனை கூடை எருவுக்கு எத்தனை கூடை வைக்கோல் என்று தெரிவித்தால் புண்ணியமாக இருக்கும்."

அவ்வளவுதான். கீழே கையெழுத்தும் முகவரியும். அந்த முகவரியைப் போடாமல் விட்டிருக்கலாம் என்று அவர் மனைவி பிற்பாடு நூறு தடவை சொன்னாள்.

பண்ணை சின்னது. ஒரே கொட்டகை. பிறந்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை ஆயிரம் ஆயிரமாக எடுத்து, ஆறு வாரம் வளர்த்துக் கொடுப்பார். கொட்டகைக்குப் பின்னால் அந்தத் தொட்டி. பாதி மண்ணுக்குள், பாதி வெளியே, செங்கல்லும் சிமெண்ட்டுமாக உருண்டு திரண்டு நிற்கும். கட்டியவர் மனைவியின் அண்ணன், கொத்தனார். அதன் வடிவத்தைப் பார்த்த அன்றே கோழிக்காரரின் மனைவி அதற்குத் தொப்பை என்று பேர் வைத்துவிட்டாள். அண்ணனின் வயிற்றைப் பார்த்து வைத்தாளா, தொட்டியைப் பார்த்து வைத்தாளா என்பதில் கொத்தனாருக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

தொப்பையின் வேலையும் வயிற்றின் வேலைதான். எருவைக் கரைத்து உள்ளே ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் அதைப் புளிக்க வைக்கும். இன்னொரு கூட்டம் அந்தப் புளிப்பைத் தின்று எரிவாயு விடும். முதல் கூட்டம் முரட்டுக் கூட்டம், எதையும் தாங்கும். இரண்டாவது கூட்டம் சங்கோஜி. மெதுவாகத்தான் பெருகும். காரம் ஆகாது, குளிர் ஆகாது, காற்று ஆகவே ஆகாது. காற்றுப் பட்டால் செத்துப்போகும். அதனால்தான் கொத்தனார் தொப்பைக்கு உள்ளும் புறமும் மூன்று பூச்சுப் பூசியிருந்தார். மாட்டுத் தொழுவத்திலிருந்து நாலு குடம் சாணக் கரைசலை விதையாக ஊற்றிவிட்டு, நாற்பது நாள் காத்திருந்தார்கள். கோழிக்காரர் தினமும் போய்க் குழாயில் காதை வைத்துக் கேட்பார்.

"எனக்குப் பிரசவ வலி வந்தப்போகூட நீங்க இவ்வளவு நேரம் வாசல்ல நிக்கலை," என்றாள் மனைவி.

நாற்பத்தோராம் நாள் அடுப்பில் நீலமாக ஒரு தீ எரிந்தது. கோழிக்காரர் அழுதார். நெடியினால் என்று சொல்லிக்கொண்டார்.

அந்தத் தீ சமையலுக்கு மட்டும் இல்லை. கொட்டகையில் குடை மாதிரித் தொங்கிச் சூடு தரும் புரூடருக்கும் அதுதான். ஒரு நாள் குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் தாய்க்கோழியின் வயிற்றுச் சூடு வேண்டும். இங்கே தாய் ஏது? புரூடருக்கு அடியில் ஆயிரம் குஞ்சுகளும் மஞ்சள் வட்டமாகப் படுத்துத் தூங்கும். சூடு குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். தொப்பை வந்த பிறகு இரண்டு குளிர்காலம் போயிருந்தது, ஒரு குஞ்சுகூட அப்படிச் சாகவில்லை. அடுத்த ஆயிரம் குஞ்சு இருபதாம் தேதிக்குச் சொல்லியிருந்தார். இருபதாம் தேதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அந்த அஞ்சலட்டை.

பதில் வரவில்லை. ஜீப் வந்தது.

ஜீப்பின் கதவில் 'கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நல வாரியம்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மீன் படம். வாரியம் ஒரு காலத்தில் மீன் துறையிலிருந்து பிரிந்து வந்தது. வரும்போது நாற்காலி, மேஜை, விதிமுறைப் புத்தகம் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டது, மீனை மட்டும் அழிக்க மறந்துவிட்டது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் இரண்டு கையிலும் கண்ணாடிக் குடுவைகள் வைத்திருந்தார். அதனால் அவருக்குக் குடுவைக்காரர் என்று பேராயிற்று. மனைவி வைத்ததுதான்.

"கார்டு போட்டது நீங்கதானே?"

"ஆமாங்க ஐயா. எத்தனை கூடைக்கு எத்தனை கூடைன்னு..."

"அது அப்புறம். முதல்ல அவங்க நல்லா இருக்காங்களான்னு பார்க்கணும்."

"யாருங்க?"

"உள்ள இருக்கிறவங்க."

கோழிக்காரர் திரும்பிப் பார்த்தார். தொப்பைதான் நின்றது. அதற்குள் இருப்பதை இதுவரை யாரும் அவங்க இவங்க என்று மரியாதையாகச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்கப் பெருமையாகக்கூட இருந்தது.

குடுவைக்காரர் படிவத்தை விரித்தார். எத்தனை பேர், எத்தனை நாளாக, யாருடைய சம்மதத்தின் பேரில் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு குடுவையை எடுத்தார். மூடியில் மூன்று துளைகள் இருந்தன, பென்சில் நுழையும் அளவுக்கு.

"ஐயா, இதுல ஓட்டை இருக்குங்களே."

"இருக்கணும். விதி ஏழு. உயிருள்ள மாதிரியை எடுத்துட்டுப் போற கலத்தோட மூடியில, பென்சில் நுழையற அளவுல மூணு துளை. மூச்சு முட்டக் கூடாது பாருங்க."

"அதுங்களுக்குக் காத்து ஆகாதுங்களே. காத்துப் பட்டா செத்துடும். அதனாலதான் மச்சான் மூணு பூச்சுப் பூசி இறுக்கமா மூடியிருக்காரு."

குடுவைக்காரர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். "காத்துப் புகாம மூடியிருக்கீங்க?"

"ஆமாங்க."

"ரெண்டு வருஷமா?"

"ஆமாங்க ஐயா." கோழிக்காரர் கொத்தனாரின் வேலைத்திறமையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தார். "ஒரு ஊசி போக இடமில்லை."

"நீங்களாவே ஒத்துக்கறீங்க," என்று குடுவைக்காரர் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. மாதிரியை எடுத்துக்கொண்டு, குடுவையை மடியில் வைத்து, குழந்தையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனார்.

ஒன்பதாம் நாள் வாரியத்திலிருந்து உறை வந்தது. மாதிரியில் இருந்தவர்கள் ஆய்வகம் சேருமுன்பே காலமாகிவிட்டார்கள் என்றும், நெடுநாள் காற்றில்லாமல் அடைத்து வைக்கப்பட்டதால் ஏற்பட்ட பலவீனமே காரணம் என்று கருதப்படுகிறது என்றும், விசாரணைக்கு நேரில் வர வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. வைக்கோலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்க," என்றாள் மனைவி. "இனிமே குடையுது குடையுதுன்னு சொல்லாதீங்க."

வாரிய அலுவலகம் நீளமான கட்டடம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொட்டி. மீன் இல்லை. தண்ணீர் இருந்தது, அடியில் கூழாங்கல் இருந்தது, ஓரத்தில் ஒரு சின்னப் பம்பு குமிழி குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. மீன்கள் செத்துப் பல வருஷமாகியும் பம்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை.

நடைக்கோடியில் கடிதப் பிரிவு. அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் மலையாகக் கடிதங்கள். கோழிக்காரர் வழி கேட்கப் போக, அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வைக்கோல் கேட்டவர் நீங்கதானே? உங்க கார்டு என்கிட்டதான் இருக்கு. நகல் மேல போயிருச்சு, அசல் வரிசையில இருக்கு. உங்களுக்கு முன்னாடி முன்னூத்திப் பன்னிரண்டு கடிதம்."

"உங்களுக்குப் பதில் தெரியுமா அம்மா?"

"தெரியும். நான் படிச்சதே அதுதான். போன வருஷம்வரை ஆய்வகத்துல இருந்தேன்."

"அப்போ வாயால சொல்லிடுங்களேன். ஒரு வார்த்தைதானே."

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வாயால சொன்னா அது என் சொந்தக் கருத்து. குடுவையில ஓட்டை போடாதீங்க, இவங்க காத்து ஆகாதவங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சொந்தக் கருத்துன்னு சொல்லி இங்க மாத்திட்டாங்க. உங்க முறை வரட்டும். வாரியத்தோட பதிலா, முத்திரையோட, ஒழுங்கா அனுப்பி வைக்கிறேன்."

கோழிக்காரர் அவளைக் கும்பிட்டார். அந்தக் கட்டடத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவரைக் கடிதங்களுக்குப் பின்னால் உட்காரவைத்திருக்கிறார்கள் என்பது படியேறும்போதுதான் உறைத்தது.

விசாரணை அறையில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். கோழிக்காரர் தனக்குத்தான் மரியாதை என்று நினைத்துப் பதறிவிட்டார். மரியாதை குடுவைக்கு. மேஜைமேல் அது இருந்தது, காலமானவர்கள் உள்ளே இருந்தார்கள். ஒரு நிமிஷம் மௌனம். பிறகு வாரியத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பசுவுக்கு ஒண்ணுன்னா ஓடி வர ஆயிரம் பேர் இருக்காங்க," என்று அவர் ஆரம்பித்தார். "நாய்க்கு ஒண்ணுன்னா ஊரே கூடுது. வாயில்லா ஜீவன்னு எல்லாருக்கும் இரக்கம். ஆனா வாயும் இல்லாம, கண்ணும் இல்லாம, பார்க்கவே முடியாம இருக்கிற ஜீவனுக்கு யார் இருக்கா? நாங்க இருக்கோம். பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் ஒரே ஒரு நுண்ணுயிர்கூட எங்க மேல புகார் கொடுத்தது கிடையாது."

கைதட்டல் எழுந்தது.

"ஐயா," என்றார் கோழிக்காரர். "நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. மீனைத் தண்ணியில இருந்து வெளிய எடுத்தா செத்துடும் இல்லீங்களா? அந்த மாதிரி இதுங்க..."

"மீனா?" தலைவரின் முகம் மலர்ந்தது. "மீனைப் பத்தி என்கிட்டயா சொல்றீங்க? அந்தத் துறையில இருந்து வந்தவன் நான். மீன்கூடத் தண்ணிக்குள்ள காத்தைத்தான் குடிக்குது. கீழ இருக்கிற தொட்டியைப் பார்த்தீங்கல்ல? ராத்திரி பகலா பம்பு ஓடுது. ஏன்? உயிர்!"

அதில் மீன் இல்லையே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். நுண்ணுயிருக்கு இப்போது காலம், கோழிக்காரனுக்கு இல்லை என்று நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டார்.

உத்தரவு வந்தது: இன்னொரு மாதிரி எடுக்க வேண்டும். இந்தத் தடவை ஆறு துளை.

ஆறு துளைக் குடுவையில் போனவர்கள் மூன்று துளைக் குடுவையில் போனவர்களைவிடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தார்கள். அதைப் பார்த்து யாராவது யோசித்திருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். யோசித்தார்கள். யோசித்து, துளை போதாது, காற்றை உள்ளே செலுத்த வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வாசலில் இருந்த மீன் தொட்டியின் பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மூன்றாம் தடவை ஜீப் வந்தது. பம்புக்கு ஒரு பேட்டரி, பேட்டரிக்கு ஒரு தலையணை. குடுவைக்குள் எருக் கரைசல் குமுகுமுவென்று நுரைத்துக்கொண்டே ஊர்வலம் போயிற்று.

இந்தத் தடவை வந்த கடிதத்தில் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். மாதிரியில் உள்ளவர்கள் பிழைத்ததோடு நில்லாமல் பல்கிப் பெருகியிருக்கிறார்களாம்! உண்மையில் பெருகியது வேறு ஜாதி. காற்றை விரும்பிக் குடிக்கிற, எரிவாயு என்றால் என்னவென்றே தெரியாத கூட்டம். வீட்டுக்காரர்களைக் கொன்றுவிட்டு, திறந்த கதவு வழியாக வந்து படுத்துக்கொண்டவர்களை எண்ணி, குடும்பம் செழித்துவிட்டது என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் விஷயம் இருந்தது. காற்றுக் கொடுத்தால் செழிக்கிறார்கள் என்பது நிரூபணமாகிவிட்டதால், விதி ஏழு தொட்டிக்கும் பொருந்தும். பதினாறாம் தேதி, தலைவரின் முன்னிலையில், தொட்டியின் உச்சியில் மூன்று மூச்சுத் துளைகள் இடப்பட வேண்டும். மறுத்தால் பண்ணைக்கு உடனே சீல். அதோடு உயிர்வதைக் குற்றம், தலைக்கு ஒன்று வீதம்.

தலைக்கு ஒன்று என்றால் என்ன என்று கேட்கக் கோழிக்காரர் வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினார். எடுத்த குமாஸ்தா பொறுமையாகச் சொன்னார். "ஒரு சொட்டுலயே கோடிக்கணக்கானவங்க இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு குற்றம். படிவத்துல எண்ணிக்கைக்கு ஏழு கட்டம்தான் இருக்கு. உங்க கேஸ் அதுல அடங்காது. கூடுதல் தாள் நீங்கதான் கொண்டுவரணும்."

பிறகு குஞ்சு பொரிப்பகத்துக்குப் பேசினார். இருபதாம் தேதியை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா?

"முட்டை எப்பவோ மெஷின்ல ஏறிடுச்சு," என்றார் பொரிப்பகக்காரர். "உள்ள இருக்கிறதுக்கு உங்க வாரியத்தோட கடிதமெல்லாம் படிக்கத் தெரியாதுங்க. ஏறின இருபத்தோராம் நாள் ஓட்டை உடைச்சுக்கிட்டு வந்து நிக்கும். நீங்க எடுக்கலைன்னா தூக்கிப் போடவேண்டியதுதான்."

துளை போட்டால் தொப்பை போய்விடும். துளை போடாவிட்டால் பண்ணையே போய்விடும், குஞ்சுக்குக் கூரையும் இருக்காது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். அந்த எறும்பு கடைசியில் என்ன செய்தது என்று வாத்தியார் சொல்லவில்லை.

பதினாறாம் தேதி காலையில் பந்தல் போட்டார்கள். நாற்காலி வந்தது, மைக் வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு, கையால் சுற்றும் டிரில்லைக் கொடுத்தார்கள். கட்டியவரே துளையும் போடுவதுதான் முறையாம்.

கொத்தனார் டிரில்லையும் தங்கையையும் பார்த்தார். "ஒரு விரிசல் வரக் கூடாதுன்னு ராவும் பகலும் தண்ணி ஊத்தி வளர்த்த பூச்சு இது. நானே குத்தணுமா?"

"குத்துங்க அண்ணா," என்றாள் அவள். "வேற யாராவது குத்தினா கோணலா குத்துவாங்க." சொல்லிவிட்டு, விருந்தாளிகளுக்கு டீ போட உள்ளே போனாள். டீக்கு அடுப்பு தொப்பையின் அடுப்புதான்.

முதல் துளை உள்ளே இறங்கியதும் 'உஸ்' என்று சத்தம் வந்தது. உள்ளே சேர்ந்திருந்த எரிவாயுவின் அழுத்தம், சும்மா வருமா? ஜீப் டிரைவர் அந்த நேரம் பார்த்து ஒரு சிகரெட்டை வாயில் வைக்க, கோழிக்காரர் பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. தலைவர் மைக்கைக் கையில் எடுத்திருந்தார்.

"கேட்டீங்களா?" என்றார். "பெருமூச்சு விடறாங்க! ரெண்டு வருஷமா அடக்கி வச்சிருந்த மூச்சு! இந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் வேலைக்கே வந்தேன்."

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. இரண்டாம் துளை. மூன்றாம் துளை. நடுத்துளையில் மீன் தொட்டிப் பம்பின் குழாயைச் சொருகினார்கள். அது வாரியத்தின் அன்பளிப்பு. மூன்று துளைகளையும் சுற்றி நூல் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அடைத்தால் குற்றம். ஏழு நாள் குடுவைக்காரர் பகல் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிப்பார்.

"டீ வரலையே?" என்றார் தலைவர்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி. "அடுப்பு அணைஞ்சிருச்சுங்க."

அறிக்கையின் கடைசி வரியில் உபசரிப்பு திருப்தியாக இல்லை என்று எழுதினார்கள்.

இருபதாம் தேதி குஞ்சுகள் வந்தன. பத்துப் பெட்டிகள், பெட்டிக்கு நூறு. மூடியைத் திறந்தால் மஞ்சள் சத்தம். கோழிக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து, அலகைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு இறக்கிவிட்டார். அவை நேரே புரூடருக்கு அடியில் ஓடின. அண்ணாந்து பார்த்தன. புரூடர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பல்பு போட்டுச் சூடு காட்டலாம்தான். அந்தத் தெருவில் மின்சாரம் விருந்தாளி மாதிரி, வந்தால் உண்டு. பேட்டரி இருந்தது, அது பம்புக்கு. கொத்தனார் நான்கு கரி அடுப்புகள் கொண்டுவந்து வைத்தார். மூவரும் முறை போட்டுக் கரியை ஊதினார்கள். கரிச் சூடு ஒரு பக்கம் சுடும், ஒரு பக்கம் சில்லென்று இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு போராடிய மாதிரி இரண்டு நாள் ஓட்டினார்கள். மூன்றாம் நாள் விடியலுக்குச் சற்று முன்னால் குளிர் இறங்கியது, கோழிக்காரர் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டார்.

வெளிச்சம் வந்ததும் மனைவியின் குரல் கேட்டுத்தான் எழுந்தார். கொட்டகை மூலைகளில் குஞ்சுகள் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்தவை அசைந்தன. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பிரித்தார்கள். அடியில் போகப் போக அசைவு இல்லை, ஆனால் சூடு மட்டும் இன்னும் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மனைவி மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றின் வாயிலும் ஊதிப் பார்த்தாள். கொத்தனார் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானூற்றுச் சொச்சம் போயிருந்தது.

குடுவைக்காரர் வேலைக்கு வந்தபோது அவர்கள் இன்னும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குஞ்சை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

"எழுதுங்க ஐயா," என்றார் கோழிக்காரர். "நீங்க பார்த்ததை எழுதுங்க. மூச்சு முட்டித்தான் செத்திருக்கு. நீங்க அதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

குடுவைக்காரர் படிவத்தை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். ரொம்ப நேரம் தேடினார்.

"இதுல எழுத இடமே இல்லைங்க," என்றார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. "எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர்தான். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுது."

அன்று மத்தியானம் தபால்காரர் இரண்டு உறைகள் கொண்டுவந்தார். ஒன்று தடித்த அட்டையில் சான்றிதழ், சட்டம் போட்டு மாட்டுவதற்கு. இந்தத் தொட்டியில் வசிப்போர் பூரண நலத்துடன் சுதந்திரக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று மீன் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. இன்னொன்று கடிதப் பிரிவிலிருந்து. கடிதப் பிரிவுப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். முறை வந்திருந்தது. அசல் அஞ்சலட்டையைப் பின்னால் குத்தி, தலைவரின் ரப்பர் முத்திரையோடு, ஒழுங்காக அனுப்பியிருந்தாள்.

மனைவி வாசித்தாள். கோழிக்காரரும் கொத்தனாரும் தொப்பைமேல் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். பக்கத்து நாற்காலியில் குடுவைக்காரர். பம்பு குமுகுமுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"'தங்கள் கேள்விக்கான பதில். மூன்று கூடை கோழி எருவுக்கு ஒரு கூடை நறுக்கிய வைக்கோல் சேர்க்கவும். நெடி குறையும். மேலும், எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் காற்றுப் புக விடக் கூடாது. பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தாலும் எரிவாயு தரும் உயிர்கள் மடிந்துவிடும். இதை மீறுவோர்மீது வாரியம் கடும் நடவடிக்கை எடுக்கும்.'"

கொத்தனார் நிமிர்ந்தார். மடியிலிருந்து ஒரு பிடி பிசைந்த களிமண்ணை எடுத்தார். துளை போட்ட நாளிலிருந்து அதைக் காயவிடாமல் வைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அடைச்சிடட்டுமா? அவங்களே எழுதிட்டாங்களே."

"தொடாதீங்க, தொடாதீங்க," என்று குடுவைக்காரர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து குஞ்சு தலையை நீட்டியது. "அது கடிதப் பிரிவு. இது அங்கீகாரப் பிரிவு. அரக்கு முத்திரை எங்களுது."

"ரெண்டும் ஒரே தலைவர் முத்திரைதானே?" என்றாள் மனைவி.

"முத்திரை ஒண்ணுதான். பிரிவு வேற."

"அப்போ எதைத்தான்யா கேட்கிறது நாங்க? எது சரி?" கோழிக்காரர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

குடுவைக்காரர் யோசித்தார். அவர் நல்ல மனிதர், இவர்களுக்கு ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று மனதார நினைத்தார். கடைசியில் ஒரு வழி தோன்றியது.

"எது சரின்னு கேட்டு, வாரியத்துக்கு ஒரு கார்டு போடுங்க," என்றார்.

கோழிக்காரரின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போயிற்று. மனைவி அதைப் பிடுங்கினாள். தொப்பைமேல் ஏறினாள். முதல் துளைக்குள் பேனாவைச் செங்குத்தாக விட்டுக் கையை எடுத்தாள்.

தடையில்லாமல் உள்ளே போயிற்று. துளை அளவு சரியாக இருந்தது என்று குடுவைக்காரர் எழுதிக்கொண்டார்.